கட்சி மாறும் தேநீர்

கேள்வி: ஐயா, நீங்கள் தே தாரிக் கட்சியா, தே ஓ கட்சியா?
– வாசகி, கிள்ளான்

பதில்: வேளைக்கு வேளை கட்சி தாவுகிறவன் நான். காலையில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் ரொட்டி சானாயோடு தே தாரிக். தூள் தேயிலையைத் துணி வடிகட்டியில் கடுஞ்சாயமாக இறக்கி, டின் பால் ஊற்றி, இரண்டு குவளைகளுக்கிடையே உயர்த்தி இழுப்பார்கள். பால் கலந்துவிடும், சூடு தணியும், மேலே நுரை நிற்கும். வேடிக்கை பார்க்கத் தனிக் கட்டணம் கிடையாது.

மதிய வெயிலுக்கு, பாலில்லாத தே ஓவில் எலுமிச்சையும் ஐஸும் சேர்த்த தே ஓ ஐஸ் லிமாவ். மழை பிடித்தால் இஞ்சி தட்டிப் போட்ட தே ஹாலியா. உங்கள் ஊர் தெங்கு கிளானா சாலைக்குத் தீபாவளித் துணி எடுக்க வந்தால் மனைவி கடைக்குள், நான் எதிரே மாமாக் கடையில். எத்தனை கிளாஸ் என்பதை என் தாகமா தீர்மானிக்கிறது? சேலை அடுக்கு!

வீட்டில், 1929இல் ரஸ்ஸல் என்பவர் கேமரன் மலையில் தொடங்கிய ‘போ’ தோட்டத்துத் தேயிலைதான், சீனியில்லாமல். மருத்துவர் உத்தரவு. கடையில் ‘கூராங் மானிஸ்’, அதாவது இனிப்பு குறைவாக என்று சொல்லிப் பார்க்கிறேன். சீனியைக் குறைப்பார்கள், டின் பாலுக்குள் இருக்கும் சீனியை யார் குறைப்பது? மருத்துவரே அடுத்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.