வெள்ளிப் பென்சில் மறுப்பு: ஜொகூர் இரும்புப் புலிகளின் வண்ண இலக்கணம்

இயந்திர விலங்கு எனப்படுவது, தோலுக்குப் பதில் தகடும், மூட்டுக்குப் பதில் திருகாணியும், குருதிக்குப் பதில் மசகெண்ணெயும் கொண்டு, பெரும்பாலும் வரைதாளிலேயே பிறந்து அங்கேயே வாழும் ஓர் உயிரினமாகும். தொல்காப்பிய மரபியல் புல்லும் மரமும் ஓரறிவின என்று தொடங்கி, விலங்குக்கு ஐந்தறிவும் மக்களுக்கு ஆறறிவும் வகுத்து முடித்துவிட்டமையால், கண்ணில் மின்விளக்கும் வயிற்றில் பற்சக்கரமும் உடைய புலிக்கு எத்தனை அறிவு என்னும் வினா விடையின்றியே கிடக்கிறது. விளக்கு எரியும்போது இரண்டரை, மின்கலம் தீர்ந்தபின் அரை என்று கொள்வது இப்போதைக்குப் போதும்.

இவ்வாய்வின் களமாக மலேசியாவின் ஜொகூர் மாநிலம் அமைந்தது தற்செயலன்று. அம்மாநிலச் சின்னத்தை இரு புலிகள் தாங்கி நிற்கின்றன; ஜொகூர் டாருல் தாக்சிம் காற்பந்துக் குழு தென்னகப் புலிகள் என்றே அழைக்கப்படுகிறது; ஆகவே மாசாய், கூலாய், குளுவாங் வட்டாரத் தமிழ்ப்பள்ளி மாணவரிடம் ஓர் இயந்திர விலங்கை வரையச் சொன்னால், பூனையில் தொடங்கியவர்கூடப் புலியில் முடிப்பதை மண்ணின் இயல்பு என்றே கொள்ளவேண்டும். மலாயாப் புலிகள் காட்டில் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்ற மதிப்பீட்டை நோக்க, ஒரே ஒரு வர்ணம் தீட்டும் போட்டியின் பிற்பகலில் இரும்புப் புலிகளின் தொகை அதனை எளிதில் கடந்துவிடும் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

இவ்வினத்தின் முன்னோரைத் தேடுவோர் வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை. கொங்குவேளிரின் பெருங்கதையில், யானைப் பித்தும் யாழ்த்திறமும் ஒருங்கே கொண்ட உதயணனைச் சிறைப்பிடிக்க, வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்த எந்திர யானை அனுப்பப்படுகிறது. சீவக சிந்தாமணியில், நிறைமாதக் கருவுற்ற அரசி விசயை ஏறித் தப்பும் மயிற்பொறி, வலப்புறம் திருகினால் எழும்பவும் இடப்புறம் திருகினால் இறங்கவும் வல்லது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பட்டு, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இலண்டன் சென்று, இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் மரப்புலி, கைப்பிடியைச் சுழற்றினால் தானும் உறுமி, தன் கீழ்க் கிடக்கும் வெள்ளைக்காரனையும் முனகச் செய்யும். 2023இல் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்சாடப்பிள்ளிக் கோயிலில் திருவிழாப் பணிக்குச் சேர்ந்த இயந்திர யானைக்கு எலும்பு இரும்பு, தோல் ரப்பர். இத்தனை சான்றுகள் இருந்தும் இவ்விலங்குகளுக்கு வண்ணப் பென்சிலால் நிறம் தீட்டும் முறை பற்றி இலக்கண ஆசிரியர் ஒருவரும் வாய்திறக்காதது வியப்பே.

வண்ணப் பென்சிலின் உள்ளீடு என்பது நிறமிப் பொடியை மெழுகிலோ எண்ணெயிலோ பிணைத்து, களிமண் போன்ற நிரப்பிகளைச் சேர்த்து இழைத்த மெல்லிய தண்டு. அதனைச் சூழும் மரம் பல இடங்களில் ஜெலுத்தோங். ஒருகாலத்தில் சூயிங்கம்முக்குப் பால் தந்து, பென்சிலுக்கு உடல் தரும் இம்மரம் மலாய்த் தீபகற்பக் காடுகளுக்கு உரியது. இதன் எதிர்முனையில் நிற்பது அழிப்பான். ரப்பர் பாலின் திரட்சி பென்சில் கோட்டை அழிக்கும் என்பதை 1770இலேயே ஆங்கில வேதியியலாளர் பிரீஸ்ட்லி எழுதிவைத்தார். அதற்கு நெடுங்காலம் கழித்து, ஜொகூர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள், அந்த உழைப்பின் பயனைப் புலியின் பின்னங்காலை ஐந்தாம் முறையாக அழிப்பதில் செலவிடுகின்றனர். அழுத்திப் பூசிய மெழுகு வண்ணம் அழிப்பானுக்கு அஞ்சாது. அது அழிவதற்கு மாறாகப் பரவும்.

இனிப் பரபக்கம், அதாவது மறுக்கவேண்டிய பிறர் கொள்கை. 24 வண்ணப் பெட்டிகள் பலவற்றில் ஓரமாக ஒரு வெள்ளி நிறப் பென்சில் படுத்திருக்கும். இரும்பு என்றால் வெள்ளி, வெள்ளி என்றால் இப்பென்சில் என்று முடிவுகட்டிப் புலி முழுவதையும் அதனாலேயே நிரப்புவோர் வெள்ளிவாதிகள் எனப்படுவர். இவர்தம் புலி எப்பக்கம் நோக்கினும் ஒரே சாம்பல் பூத்துத் தட்டையாகக் கிடக்கும். எச்சில்வாதிகள் எனும் மற்றொரு சாரார், விரலை நாவில் தொட்டு வண்ணத்தைத் தேய்த்தால் அது நீர்வண்ணம்போல் குழையும் என்பர். மெழுகு நீரோடு ஒட்டாது என்பதால் இவர்கள் அடைவது கிழிந்த தாளும் கறுத்த விரலும் மட்டுமே. நீரில் கரையும் பிணைப்பான் கொண்ட தனிவகைப் பென்சில் வைத்திருப்போர் இக்கண்டனத்திற்கு விலக்கு, எனினும் அவர்களும் தூரிகையை நாடுவது நலம்.

சுபக்கம், அதாவது நம் கொள்கையாவது: உலோகத்திற்கென்று தனி நிறம் இல்லை. பளபளப்பு என்பது மிகக் கருமையும் மிக வெண்மையும் இடைவெளியின்றி அடுத்தடுத்து நிற்பதால் கண்ணுக்குத் தோன்றும் மயக்கம். சுற்றியுள்ளவற்றைத் தன்மேல் வாங்கிக் காட்டுவதே தகட்டின் தொழில். ஆகவே புலியின் முன்னங்காலை ஓர் உருளையாகக் கொண்டு, ஒளி விழும் ஒடுங்கிய பட்டையைத் தாளின் வெண்மையாகவே விட்டு, அதனை ஒட்டிக் கருநீலத்தை நெருக்கி, மேற்புறத்தில் வானத்தின் நீலத்தையும் அடிப்புறத்தில் செம்மண்ணின் பழுப்பையும் மெல்லப் படரவிடவேண்டும். சாம்பல் வேண்டுமிடத்தில் சாம்பல் பென்சிலை எடுப்பது சோம்பல்; நீலத்தின்மேல் செம்மஞ்சளை இலேசாக ஏற்றினால் பிறக்கும் சாம்பலுக்கு உயிர் உண்டு. கையழுத்தம் முதலில் இறகளவாக இருந்து, சிறுசிறு வட்டங்களாகப் பல அடுக்குகள் ஏறவேண்டும். ஏனெனில் தாளின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறமியைப் பற்றிக்கொள்ளும் பற்களாகும், முதல் அடுக்கிலேயே அவற்றை நசுக்கினால் அடுத்த நிறம் வழுக்கிவிடும்.

அடுக்குகள் ஏறியபின் வருவது குழைப்பு; பென்சில் கீற்றுகள் மறைந்து தூரிகைத் தீட்டல் போலாக்கும் செயல் இது. வெள்ளைப் பென்சிலை அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவது ஒரு வழி. பஞ்சுக் குச்சியில் ஒருதுளி பேபி ஆயில் தொட்டுத் தடவினால் மெழுகு இளகி நிறங்கள் ஒன்றினுள் ஒன்று புகுவது மற்றொரு வழி. துளி இரண்டானால் புலியின் வயிற்றில் பஜ்ஜி சுற்றிய தாளின் கறை தோன்றும். நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கும் ஜொகூர் பாருவின் ஈரக்காற்றில் தாள் எப்போதும் சற்றே தளர்ந்திருப்பதால், இரு வழியிலும் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்வது அறிவுடைமை. மெழுகைத் தடிப்பாக ஏற்றிய படத்தின்மேல் சில நாளில் வெண்புகைபோல் ஒரு படலம் பூக்கும். அதனை மென்துணியால் துடைத்தால் போதும், புலிக்குப் பூஞ்சை பிடித்ததென்று கலங்கவேண்டியதில்லை.

துரு ஒன்றே வரைவோர் மனம்போல் விளையாடத்தக்க இடம். செம்மஞ்சள், பழுப்பு, நிழலில் சிறிது ஊதா ஆகியவை திருகாணியைச் சுற்றிக் கீழ்நோக்கி வழியவேண்டும், மழை வழியும் திசையும் அதுவே ஆகலான். இயற்கைப் புலியின் நிறமும் செம்மஞ்சளே என்பதால், துருப்பிடிக்கப் பிடிக்க இரும்புப் புலி மெய்ப்புலியை ஒத்துவரும் என்னும் உண்மை வெள்ளிவாதிகளின் வாயை ஒரேயடியாக அடைக்கிறது.

எஞ்சி நிற்பது புலியை முடுக்கும் சாவியின் இடம். வாலின் அடியில் என்பாரும், முதுகில் என்பாரும், விலாவில் என்பாரும் உளர். மயிற்பொறியை அதில் ஏறியவரே திருகினமையால் முதுகே தகும் என்று ஒருவாறு துணியலாம். வாலின் அடியில் வரைந்தோர், அதனைத் திருகப் போகிறவர் யார் என்பதையும் அதே தாளில் வரைந்து காட்டக் கடமைப்பட்டவர் ஆவர்.