பம்பரம் போய் வளையம் வந்தது

மதுரைப் பக்கம் ஒரு காது குத்துவதற்கு ஊரையே கூட்டுவார்கள். முக்குக்கு முக்கு பிளக்ஸ், தாய்மாமன் சீர், கிடா விருந்து, மொய் நோட்டு. இத்தனை அமளியும் கடுகளவு துளைக்கு. அதுவோ ஆறேழு வாரத்தில் ஆறிவிடுகிறது.

தொப்புள் குத்துவதற்கு மாமன் மடியும் இல்லை, மொய்யும் இல்லை. ஆனால் ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகும்!

1992-ல் 'சின்னக் கவுண்டர்' படத்தில் மதுரைக்காரரான விஜயகாந்த், சுகன்யாவின் தொப்புளில் பம்பரம் விட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்க ஏரோஸ்மித் குழுவின் பாட்டு வீடியோவில் தொப்புளுக்கு வளையம் ஏறியது. உலகம் வளையத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. பம்பரத்தால் சீழ் பிடித்ததாக இதுவரை தகவல் இல்லை.

தொப்புள் துளை ஆற இத்தனை நாள் ஆகக் காரணம், இடம் அப்படி. உட்கார்ந்தால் மடிப்பு, எழுந்தால் பாவாடை நாடாவோ ஜீன்ஸ் பட்டியோ உரசும். சித்திரை வெயிலில் வேர்வை வேறு ஊறும். ஈரமான குழிக்குள் கிருமிகள் வாடகையில்லாமல் குடியிருக்கும். மலிவு வளையத்தில் நிக்கல் கலந்திருந்தால் அரிப்பு, தடிப்பு. ஊசி சுத்தமில்லையென்றால் ஹெபடைடிஸ் பி, சி வரை போகலாம். சிலருக்குத் தழும்பே கெலாய்டாகத் தடித்து, வளையத்தைவிடப் பெரிய நகையாகிவிடும்.

சீழ் வைத்தால் மஞ்சள் பத்துப் போடாதீர்கள். வளையத்தை நீங்களாகக் கழற்றவும் வேண்டாம், துளை மூடிச் சீழ் உள்ளேயே தங்கிவிடும். நேரே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போங்கள். பிளக்ஸ் வேண்டாம்.