ஆட்டோ டாப்பு ஒழுகல்: சாரல் நாட்டுச் சான்றுகள் கொண்டு ஓர் ஆராய்ச்சி

குற்றாலத்தைப் பற்றி எழுதியவர்கள் அருவிகளை எழுதினார்கள், மூலிகைகளை எழுதினார்கள், சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலை எழுதினார்கள். தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தருவிக்குப் போகிற ஆட்டோவின் டாப்பு ஏன் ஒழுகுகிறது என்ற வினாவைப் புலவர் உலகம் தீண்டியதாகத் தெரியவில்லை. சீசன் தொடங்கியதும் சவாரி வந்தவர் ஓட்டுநரைத் திட்டுகிறார், ஓட்டுநர் குஷன் கடைக்காரரைத் திட்டுகிறார், குஷன் கடைக்காரர் சாரலைத் திட்டுகிறார். மூவரும் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறார்கள் என்பதே இவ்வாராய்ச்சியின் துணிபு. டாப்பைக் கெடுப்பது வெயில். கெடுகிற இடம் தையல். மாசி முதல் வைகாசி வரை நடந்த குற்றத்தை ஆனியில் ஊரறியச் சொல்லும் சாட்சிதான் சாரல்.

முதலில் பொருளின் இயல்பைப் பார்ப்போம். ரெக்சின் என்று நாம் சொல்வது துணியின்மேல் பிவிசி பூசிய விரிப்பு. பிவிசி பிறவியிலேயே விறைப்பானது. வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் தட்டிப் பார்த்தால் தெரியும். அதை மடங்கவும் நெளியவும் வைப்பது உள்ளே கலக்கிற ஒருவகை எண்ணெய்ப்பசை. ஸ்டாண்டில் வெயில் காயும் வண்டியின் டாப்பிலிருந்து இந்தப் பசை சிறிது சிறிதாக வெளியேறிவிடுகிறது. போதாக்குறைக்குப் புற ஊதாக் கதிர் பூச்சை வெளுத்து நொறுங்க வைக்கிறது. துணியின் நடுப்பகுதி இதையெல்லாம் கொஞ்ச காலம் தாங்கும். கம்பிச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிய விளிம்பும், மடிப்பும், ஊசி ஏறியிறங்கிய துளைகளும்தான் முதலில் விரிசல் விடுகின்றன. பருத்தி நூலில் தைத்திருந்தால் நூலும் இற்றுப்போகும். அடுத்தது நீரின் இயல்பு. ஐப்பசி மழை தடதடவென்று விழுந்து டாப்பின் சரிவில் வழிந்து ஓடிவிடுகிறது. சாரலின் குணம் வேறு. தென்மேற்குப் பருவக்காற்று மழையின் பெரும்பகுதியைக் கேரளத்திலேயே கொட்டிவிட்டு, மிச்சத்தை ஆரியங்காவுக் கணவாய் வழியே பொடித் துளிகளாக இந்தப் பக்கம் வீசுகிறது. பக்கவாட்டில் வந்து அடிக்கிற அந்தத் துளி தையலின் வாயில் தங்கி, நூலைத் திரியாக்கி, நாள் முழுக்க உள்ளே ஊறுகிறது. டாப்புக்கு இதைவிடக் கறாரான தேர்வாளர் கிடைப்பது அரிது.

குரங்குகள் ஏறிக் குதித்துக் கிழிப்பதால்தான் டாப்பு ஒழுகுகிறது என்பாரும் உளர். திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் குறத்தி மலைவளம் சொல்லத் தொடங்கும்போதே வானரங்கள் வந்துவிடுவதால், இக்கோட்பாட்டுக்கு இலக்கியப் பலமும் உண்டு. ஆயினும் பொருந்தாது. குரங்கு கிழித்தால் கிழிசல் நட்டநடுவில், வானம் தெரியும்படி இருக்கும். ஒழுகுகிற டாப்பை உள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் வானம் தெரிவதில்லை, நீர் மட்டும் வருகிறது. அதுவும் நுழைந்த இடத்தில் சொட்டுவதில்லை. முன்விளிம்புத் தையலில் புகுந்த நீர் கம்பியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய், கம்பி தாழ்கிற இடத்தில், பின்சீட்டில் நடுவே உட்கார்ந்தவர் பிடரியில் இறங்குகிறது. சொட்டுகிற இடத்துக்கு நேர்மேலே ஒட்டுப் போடுகிறவர்கள் ஆண்டுதோறும் ஒட்டுப் போட்டுக்கொண்டே இருப்பது இதனால்தான்.

கடல் கடந்த சான்றும் உண்டு. அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற வீட்டு வண்டிகள் பலவற்றுக்குக் கூரையாக இருப்பது இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் விரிப்பு. வெயிலில் ஆண்டுக்கணக்காக நின்றால் அதன் மேற்பரப்பு வெண்பொடியாக உதிர்ந்து, மழை நாளில் வண்டியின் பக்கங்களில் கோடு கோடாக வடியும். சொந்தக்காரர்கள் கூரையைக் கழுவிக் காயவைத்து அதற்கென்று விற்கும் திரவப் பூச்சை உருளையால் பூசுகிறார்கள். அங்கும் நீர் பெரும்பாலும் நுழைவது விளிம்பிலும், காற்றுப்போக்கியைச் சுற்றியுள்ள இணைப்பிலும்தான். விவரமறிந்தவர்கள் அந்த இடங்களை அடைத்த பிறகே பூச்சில் கைவைக்கிறார்கள். மலைக்கு அந்தப்புறம் கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவை அறிவித்துவிட்டது, புனலூர்ப் பக்கம் ரப்பர் மரங்களும் நிற்கின்றன. நமக்கு வாய்த்தது ரெக்சின். ரப்பர் என்றதும் பஞ்சர் கடை சொல்யூஷனைத் தேடுவோர் உண்டு. ரப்பரைக் கரைத்துத் துணியை நீர் புகாததாக்கும் வித்தைக்கு ஸ்காட்லாந்தின் சார்லஸ் மெகின்டாஷ் 1823-இலேயே காப்புரிமை வாங்கினார். நல்ல வித்தைதான். ஆனால் டியூபில் பிடிக்கிற பசை பிவிசியில் நிலைக்காது. முன்சொன்ன எண்ணெய்ப்பசை கசிந்து ஒட்டின் பிடியை இளக்கிவிடும்.

இனித் தடைகள். அருவியில் குளித்துவிட்டு வருகிறவருக்கு ஆட்டோ ஒழுகினால் என்ன கெட்டுப்போயிற்று என்பது முதல் தடை. ஏறும்போதே தலை முதல் கால்வரை ஈரம், தோளில் நனைந்த துண்டு, உடம்பில் மசாஜ் எண்ணெயின் மிச்சம். சீட்டில் நிற்கும் நீர் டாப்பிலிருந்து வந்ததா சவாரியிலிருந்து வந்ததா என்று பிரித்தறிவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். (எண்ணெய் மிதந்தால் சவாரி, மிதக்காவிட்டால் டாப்பு என்பது இப்போதைக்கான அளவுகோல்.) ஆனால் தலை துவட்டி, சட்டை மாற்றி, நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை மடியில் வைத்தபின் பிடரியில் விழுகிற ஒற்றைச் சொட்டைப் பேரருவிக் கணக்கில் சேர்க்க எவரும் சம்மதியார். பழைய பிளக்ஸ் பேனரை மேலே கட்டினால் போதாதா என்பது அடுத்த தடை. பிளக்ஸும் பிவிசி பூசிய துணிதான் என்பதால் இதை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. தலைவர்கள் மக்களை நேரடியாக மழையிலிருந்து காக்கும் அரிய தருணமும் ஆகும். ஆனால் கம்பத்திலிருந்து இறங்கும் முன்பே அது போதுமான வெயிலைத் தின்றிருக்கும். கயிற்றடியில் காற்றுப் புகுந்து படபடத்தால் கீழே இருக்கிற நல்ல தையலையும் தேய்த்துவிடும். புது டாப்பே போட்டுவிடலாமே என்பாருக்கு: துணியின் நடுப்பகுதியை விரலால் மடித்தாலே வெடிக்கிறதென்றால் தாராளமாகப் போடலாம். துணி நெளிகிறவரை பழுதுபார்ப்பதே முறை, அதற்குத் தென்காசியிலேயே கல்லில் சான்று இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் அதற்கு ஒரு குறை வந்தால் அதைத் தீர்த்துக் காப்பவர் யாராயினும் அவரைத் தான் பணிவதாகக் கல்வெட்டில் பாடி வைத்தான். நெடுங்காலம் சிதைந்து கிடந்த அக்கோயிலின் ராஜகோபுரமும் மறுபடி எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. குஷன் கடைக்காரர்கள் அந்தக் கல்வெட்டைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிக்கொள்ளலாம்.

செய்முறை சிறியது. பழைய தையலை ஒட்டி இன்னொரு வரி ஓட்டக் கூடாது. துளைக்குப் பக்கத்தில் துளை விழுந்தால் தபால்தலைத் தாள்போல அந்த வரியோடு கிழிந்துவரும். விளிம்பைப் பிரித்து, பழைய துளைகள் உள்ளே போகும்படி மடித்து, நைலான் நூலில் தைக்க வேண்டும். மேல்மடிப்பின் வாய் வண்டியின் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும், இல்லையேல் ஓட்டத்தில் எதிர்க்காற்று சாரலை உள்ளே திணிக்கும். பிறகு சீட்டில் நாளிதழை விரித்து, பின்விளிம்பில் தொடங்கி முன்விளிம்புவரை ஒவ்வொரு தையலாகக் குடத்து நீரை ஊற்றிப் பார்க்கலாம். எந்தத் தையலுக்குத் தாள் நனைகிறதோ அதுதான் குற்றவாளி. காய்ந்த துணியில்தான் இவை எல்லாம் நடக்கும். ஆகவே ஓட்டுநர்கள் சித்திரைக்குள் குஷன் கடைக்குப் போய்விடுவது நல்லது, பக்கத்துப் படுதாவையும் கழற்றிக்கொண்டு. ஆனியில் போனால் அங்கே வரிசையில்தான் நிற்க வேண்டும், சாரலில் நனைந்தபடி.