வடேசந்தூர் வழி பனிக்கடல்

என் மாமனார் திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருக்கிறார். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, சுற்றுவட்டார ஊர்களைக் காட்டும் மேப் ஒன்றைக் கடைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. "கம்ப்யூட்டர்லதானே மாப்ள இருக்கீங்க, ஒரு மணி நேர வேலை" என்றார். "அரை மணி போதும் மாமா" என்று வாயை விட்டது நான்.

சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து கொடுத்திருக்கலாம். மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்று இருக்கிறதே! மேப்சர்வரை இறக்கினேன். 1990-களின் நடுவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நாசா உதவியோடு பிறந்த, மேப் வரையும் மென்பொருள் அது. அதற்குத் தாய்மொழி சி. எனக்குத் தெரிந்ததோ பைத்தான். நடுவில் ஒரு துபாஷி வேண்டும். அவர் பெயர் மேப்ஸ்கிரிப்ட். இந்தத் துபாஷிகளை வார்த்தெடுக்கவே ஸ்விக் என்றொரு அச்சு உண்டு. 1995-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் டேவிட் பீஸ்லி தொடங்கியது. பைத்தானுக்கு ஒருவர், ஜாவாவுக்கு ஒருவர், பெர்லுக்கு ஒருவர் என்று செய்து தள்ளும்.

உபுண்டுவில் மேப்ஸ்கிரிப்ட் ரெடிமேடாகவே கிடைக்கும். ஆனால் உபுண்டுவோடு வந்த பைத்தானோடு மட்டும்தான் பேசும். நான் பெருமைக்காக வேறு பைத்தான் போட்டு வைத்திருந்தேன். ஒரு பகல் முழுக்க முட்டி மோதிவிட்டு மாமனாரிடம் புலம்பினேன். "லிவரை மாத்திட்டுப் பழைய சாவியைப் போட்டா எப்படி மாப்ள திறக்கும்?" என்றார், கையிலிருந்த மாங்காய்ப் பூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரி, நாமே கட்டுவோம் என்று உட்கார்ந்தேன். கட்டுவதற்கு முன் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும் சிமேக் என்பவர் சம்பந்தி வீட்டார் மாதிரி. ஜிடால் எங்கே, ப்ராஜ் எங்கே, ஃப்ரீடைப் ஏன் வரவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முகத்தைத் தூக்கினார். எல்லாரையும் அழைத்து வந்த பிறகு ப்ரிபிடி, ஹார்ஃப்பஸ் என்று இன்னும் இரண்டு பேரைக் கேட்டார். ப்ரிபிடி வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காம். திண்டுக்கல்லுக்கு எதற்கு? அவரோடு ஹார்ஃப்பஸ்ஸையும் சேர்த்து அணைத்துவிட்டேன்.

கட்டும் வேலை நாற்பது சதவீதத்தில் இருந்தபோது கரண்ட் போனது. வந்தது. மறுபடி ஓட்டி முடித்து பைத்தானில் அழைத்தால், லிப்மேப்சர்வர் கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறது. கோப்பு என் கண்ணெதிரில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது! புதுவீடு போனவரைப் பழைய தெருவில் தேடும் தபால்காரர் கதைதான். எல்டிகான்ஃபிக் என்று ஒரு வார்த்தை அடித்ததும் சரியாயிற்று. அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு ஆனது இரண்டரை மணி நேரம்.

முதல் மேப் வந்தது. சுற்றிலும் கடல். திண்டுக்கல் கிட்டத்தட்ட 10.36 வடக்கு, 77.98 கிழக்கு. நாம் பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்வோம். மேப்ஸ்கிரிப்ட்டின் புள்ளிக்கோ தீர்க்கரேகைதான் முதலில் வேண்டும். நான் மாற்றிக் கொடுத்ததில் மலைக்கோட்டை, பேகம்பூர், நாகல்நகர் மொத்தமும் நார்வேக்காரர்களின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே, ஆர்க்டிக் கடலில் மிதந்தன. சித்திரை வெயிலில் பனியன் நனைய உட்கார்ந்திருந்தவனுக்கு அது அப்படியே இருக்கட்டும் என்றுகூடத் தோன்றியது.

எண்களை இடம் மாற்றி, கரை சேர்த்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டினார்.

"வடேசந்தூர்... இது எங்க மாப்ள இருக்கு?"

வேடசந்தூரின் கொம்பு வ-வைத் தாண்டிக் குதித்து ட-வோடு ஒட்டியிருந்தது. பக்கத்திலேயே பேகம்பூர், பகேம்பூர் ஆகியிருந்தது. கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து உட்காரவைப்பதுதான் ஹார்ஃப்பஸ்ஸின் உத்தியோகம் என்பது அன்று ராத்திரிதான் தெரிந்தது.

ப்ரிபிடி, ஹார்ஃப்பஸ் இருவரையும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து, சிமேக்கிலிருந்து ஆரம்பித்து மறுபடி கட்டினேன். மூன்றாம் நாள் புதுப் பிரிண்ட். கொம்பு, புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில். மாமனார் விரலை வைத்து நத்தம், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் என்று ஒரு சுற்று வந்தார். முகத்தில் திருப்தி. ஃப்ரேம் போட ஆளையும் கூப்பிட்டுவிட்டார். பிறகு திரும்பி, "நம்ம கடை எங்க மாப்ள?" என்றார்.