நிறுத்தக் கட்டணம்

போர்ஷே 911 ஜிடி3 வைத்திருப்பவரிடம் எஞ்சினின் குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். 100 கி.மீ. வேகத்தை எத்தனை விநாடியில் தொடும் என்றால் தசமப் புள்ளியோடு சொல்வார். முன் சக்கரத்து பிரேக் டிஸ்க் ஒன்று என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். இந்த வருஷம் மழை எப்படி என்று பேச்சை மாற்றிவிடுவார். விலை தெரியாமல் இல்லை. எஸ்டிமேட் டேஷ்போர்டு டிராயரில்தான் நாலாக மடித்துக் கிடக்கிறது. வீட்டில் இன்னும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

2013இல் வந்த 991 தலைமுறை ஜிடி3க்கு இரண்டு வகை பிரேக் உண்டு. ஒன்று வார்ப்பிரும்பு டிஸ்க். நான்கு சக்கரத்திலும் 380 மில்லிமீட்டர் விட்டம். மற்றது கூடுதல் காசு கொடுத்து வாங்குகிற கார்பன் செராமிக். முன்னால் 410, பின்னால் 390. புது வண்டிக்கு ஆர்டர் கொடுக்கும்போதே செராமிக் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அமெரிக்காவில் ஒன்பது, பத்தாயிரம் டாலர் கூடுதலாகியிருக்கும். அதையே தேய்ந்த பிறகு தனியாக வாங்கப் போகும்போதுதான் வயிற்றைக் கலக்கும். முன் டிஸ்க் ஒன்றுக்கே 5,000 டாலருக்கு மேல். நான்கு டிஸ்க், நான்கு ஜோடி பேடு, லேபர் எல்லாம் சேர்த்து டீலர் போடுகிற எஸ்டிமேட் 20,000 டாலரைத் தாண்டிவிடும். நம் கணக்கில் 17 லட்சம் ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்துக்கு ஸ்ரீபெரும்புதூரில் செய்கிற ஹூண்டாய் கிரெட்டா ஒன்றை வாங்கிவிடலாம். அதில் பிரேக்கும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

இந்த எஸ்டிமேட் முதல் சொந்தக்காரர் கைக்கு வருவது அபூர்வம். அவர் ஷோரூமில் ஆசைப்பட்டதையெல்லாம் டிக் அடித்து வாங்கி, மூன்று வருஷம் ஓட்டிவிட்டு, டிஸ்க் தேய்வதற்குள் கைமாற்றிவிடுவார். மாட்டிக்கொள்கிறவர் மூன்றாவது, நான்காவது ஆள். ஜிடி3 போன்ற வண்டிகளுக்காவது மறுவிலை நிற்கும். பென்ட்லி கான்டினென்டல், பிஎம்டபிள்யூ எம்5, ஆடி ஆர்எஸ்6 மாதிரி வண்டிகள் பத்து வருஷத்தில் மளமளவென்று இறங்கி, ஒரு சாதாரணப் புதுக் காரின் விலைக்கு வந்து நிற்கும். ‘இந்த விலைக்கு இந்த வண்டியா!’ என்று வாயைப் பிளந்து ஒருவர் வாங்குவார். வண்டியின் விலைதான் இறங்கியதே தவிர, ஸ்பேர் பார்ட்ஸ் விலை ஒவ்வொரு வருஷமும் ஏறிக்கொண்டேதான் இருந்தது என்பது முதல் சர்வீஸில் தெரியும். டிஸ்க்குக்கு வண்டியின் வயது தெரியாது.

ஒரு வட்டத் தட்டுக்கு இவ்வளவா என்று கேட்கலாம். அது செய்கிற வேலையைப் பார்த்தால் கேள்வியின் சுருதி கொஞ்சம் இறங்கும்.

ஓட்டுகிறவரையும் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள வண்டி 200 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 2.3 மெகாஜூல். ஜிடி3இன் 475 குதிரைத்திறன் எஞ்சின் ஊரே திரும்பிப் பார்க்கும்படி அலறி, அந்த வேகத்தை எட்ட 12 விநாடி எடுத்துக்கொள்கிறது. பிரேக் அதை ஆறு விநாடிக்குள் வெப்பமாக மாற்றி முடித்துவிடும். வகுத்துப் பார்த்தால் சராசரியே 500 குதிரைத்திறனுக்கு மேல். மிதித்த முதல் கணத்தில் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு. ஆக, வண்டியில் இருக்கிற ஆகப் பெரிய எந்திரம் எஞ்சின் அல்ல. அது சக்கரத்துக்குள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. அதன் படத்தை யாரும் சுவரில் ஒட்டுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு என்ற பள்ளிக்கூடச் சூத்திரம் இங்கேதான் பில்லாக வந்து சேர்கிறது. இதே வண்டி 300 கி.மீ. வேகத்திலிருந்து ஒரே ஒரு தடவை நின்றால் வெளிப்படும் வெப்பத்தில் 17 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். நிச்சயதார்த்தத்துக்கு வந்த கூட்டத்துக்கே காபி போடலாம்.

அத்தனை வெப்பமும் நாலு தட்டுகளில் இறங்குகிறது. அதைத் தாங்குகிற தட்டை வார்த்து எடுத்துவிட முடியாது. பவேரியாவில் மைட்டிங்கன், இத்தாலியில் பெர்காமோவை ஒட்டிய ஸ்டெட்சானோ என்று இரண்டு ஊர்களில் இதற்கென்று ஆலைகள் உண்டு. ஜெர்மனியின் எஸ்ஜிஎல் நிறுவனமும் இத்தாலியின் பிரெம்போவும் 2009இல் கூட்டுச் சேர்ந்து அமைத்த நிறுவனத்தின் ஆலைகள் அவை. துண்டு துண்டாக நறுக்கிய கார்பன் இழையைப் பிசினோடு பிசைந்து அச்சில் அழுத்துவார்கள். காற்றில்லாத உலையில் 900 டிகிரிக்கு மேல் சுட்டால் பிசின் கரியாகி, உடம்பெல்லாம் நுண்துளையோடு ஒரு வட்டம் கிடைக்கும். பிறகு 1,500 டிகிரி அளவில் உருகிய சிலிக்கானை அந்தத் துளைகள் உறிஞ்சிக்கொள்ள, கரியும் சிலிக்கானும் சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகிவிடும். அதற்கப்புறம் அதை இழைக்க வைரம் பதித்த கருவிதான் வேண்டும், மற்றதெல்லாம் மழுங்கிவிடும். ஒரு தட்டு இப்படி உருவாகி வெளியே வர வாரக்கணக்காகும். இவ்வளவையும் படித்த பிறகு, ஒரு தட்டுக்கு 5,000 டாலர் அநியாயம் என்று சொல்ல நாக்கு கொஞ்சம் கூசும். கொஞ்சம்தான்.

பலனும் உண்டு. இரும்பு டிஸ்க்கின் எடையில் பாதிதான். துரு இல்லை. சக்கரத்தில் கரிப்பொடி படிவதும் குறைவு. சாதாரண ரோட்டில் ஓட்டினால் வண்டியின் ஆயுள் முழுக்க வரும் என்பதுதான் விற்கும்போது சொல்கிற கதை. அது பெரும்பாலும் உண்மையும்கூட. அப்படியென்றால் இந்த 20,000 டாலர் எஸ்டிமேட் எங்கிருந்து முளைக்கிறது?

ரேஸ் டிராக்கிலிருந்து. சுற்றுக்குச் சுற்று ஓங்கி மிதித்து டிஸ்க் பழுக்கச் சிவக்கும்போது உள்ளே இருக்கும் கார்பன் இழை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல எரிய ஆரம்பிக்கும். பார்வைக்குத் தட்டு அப்படியே தடிமனாக இருக்கும். உள்ளே சரக்கு குறைந்திருக்கும். அதனால்தான் செராமிக் டிஸ்க்கின் நடுப்பகுதியில் ‘இதற்குக் கீழே எடை போகக்கூடாது’ என்று ஓர் எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். மெக்கானிக் டிஸ்க்கைக் கழற்றித் துடைத்துத் தராசில் வைப்பார். பக்கத்தில் நிற்கிற சொந்தக்காரர், தம் எடையைப் பற்றிக்கூட அப்படிக் கவலைப்பட்டிருக்க மாட்டார். இங்கே குறைந்தால் ஆபத்து.

டிராக் பக்கமே போகாதவர்களுக்கு வேறு கண்டம் காத்திருக்கிறது: பஞ்சர். செராமிக் எவ்வளவு கடினமோ அவ்வளவு நொறுங்கும் குணமும் உள்ளது. சக்கரத்தைக் கழற்றும்போதோ மாட்டும்போதோ கை நழுவி உலோக விளிம்பு டிஸ்க்கின் ஓரத்தில் ‘டங்’ என்று இடித்தால் ஒரு சில்லு பெயரும். பெரிய சில்லாக இருந்தால் டிஸ்க்கே போச்சு. சக்கரம் நேராக வந்து உட்காரட்டும் என்று, திருகி மாட்டிக்கொள்ள இரண்டு வழிகாட்டிக் கம்பிகளையே வண்டியின் டூல் கிட்டில் போர்ஷே வைத்துக் கொடுக்கிறது. அதை நம்பாமல், டயர் கடையில் இந்த வண்டிக்காரர்கள் மெக்கானிக்கின் தோளை ஒட்டி நின்று ‘மெதுவா, மெதுவா’ என்று சொல்லிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். பிரசவ அறைக்கு வெளியே நின்றபோதுகூட அவ்வளவு பதறியிருப்பார்களா என்பது சந்தேகம்.

இந்த இரண்டு பயமும் சேர்ந்து ஒரு விசித்திரமான பழக்கத்தை உண்டாக்கியிருக்கிறது. டிராக்கில் ஓட்டுவதற்கென்றே ஜிடி3 வாங்குகிற பலர், முதல் வேலையாக செராமிக் டிஸ்க்குகளைக் கழற்றி, துணியில் சுற்றி, பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள். சில ஆயிரம் டாலருக்கு இரும்பு டிஸ்க் வாங்கி மாட்டிக்கொண்டு, அது தேயத் தேய மாற்றி ஓட்டுகிறார்கள். வண்டியை விற்கும்போது பழைய செராமிக் மறுபடி சக்கரத்துக்குத் திரும்பும். ‘ஒரிஜினல் செராமிக், அதிகம் ஓடாதது’ என்று விளம்பரத்தில் ஒரு வரி கூடும். வாங்குகிறவரும் அதற்கென்று சந்தோஷமாக அதிகம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கழற்றுவார்.

யோசித்தால் கணக்கு சரிதான். ரோட்டு வேகத்துக்கு இரும்பே தாராளம்; செராமிக் தேவையில்லை. செராமிக் தேவைப்படுகிற டிராக்கில் அதைத் தேய்க்க மனசு வருவதில்லை. மிச்சமிருப்பது வண்டி நிற்கிற நேரம். அப்போது ஹேண்ட்பிரேக் போதும். இந்த 911இல் அதுவும் டிஸ்க்கின் நடுவே ஒளிந்திருக்கிற ஒரு சின்ன டிரம் பிரேக்.

ஆனால் நிற்கிற வண்டிக்கும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. போர்ஷே இதில் பெரிய கெட்டிக்காரர். டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிக்கிற காலிப்பரின் நிறத்தைப் பார்த்தே சொந்தக்காரரின் பர்ஸைச் சொல்லிவிடலாம். அடிப்படை மாடலுக்குக் கறுப்பு. கொஞ்சம் மேலே போனால் சிவப்பு. 2017இல் கயேன் மாடலோடு வந்த, டங்ஸ்டன் கார்பைடு பூசிக் கண்ணாடிபோலப் பளபளக்கும் டிஸ்க்குக்கு வெள்ளை. மின்சாரமும் பெட்ரோலும் கலந்த ஹைபிரிட் வண்டிக்குப் பச்சை. எல்லாவற்றுக்கும் உச்சியில் செராமிக்குக்கு மஞ்சள். மஞ்சள் வாங்கிய சிலருக்கு அந்த மஞ்சளே பிடிக்காமல் போய்விடுகிறது. வண்டியின் நிறத்தோடு ஒத்துப்போகவில்லையாம். அவர்களுக்காக செராமிக் காலிப்பரைக் கறுப்பு அடித்துக் கொடுக்கும் வசதியும் உண்டு. அதற்குத் தனியாகப் பணம். அடிப்படை மாடல்காரர் சும்மா வாங்கிய கறுப்பை இவர் சுமார் பத்தாயிரம் டாலரும் அதன்மேல் பெயின்ட் காசும் கொடுத்து அடைகிறார்.

இந்த உலகத்தின் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருக்கிறது புகாட்டி. அதை நிறுவிய எட்டோரே புகாட்டியிடம் ஒரு வாடிக்கையாளர் பிரேக் சரியில்லை என்று முறையிட, ‘நான் கார் செய்வது ஓடுவதற்கு, நிற்பதற்கு அல்ல’ என்று அவர் பதில் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. சொன்னாரோ இல்லையோ, சொல்லக்கூடியவர்தான். மற்றவர்கள் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறிப் பல வருஷம் ஆன பிறகும் அவருடைய டைப் 57 வண்டிகள் 1938 வரை கம்பி இழுத்துத்தான் நின்றன. அதே பெயர் தாங்கிய கம்பெனி 2018இல் டைட்டானியத்தில் எட்டு பிஸ்டன் காலிப்பர் ஒன்றை முப்பரிமாண அச்சில் எடுத்துக் காட்டியது. 2,213 அடுக்கு; அச்சிட மட்டும் 45 மணி நேரம்; அலுமினியத்தில் 4.9 கிலோ இருந்தது 2.9 கிலோவாக இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ரேஸ் வீரர் ஹுவான் பாப்லோ மோன்டோயா ஓட்டிய புகாட்டி சிரோன், நின்ற இடத்திலிருந்து 400 கி.மீ. வேகத்தைத் தொட்டுத் திரும்ப நிற்க 42 விநாடி ஆயிற்று. அதில் நிற்பதற்கான பங்கு ஒன்பது விநாடிதான். தூரம் அரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தாத்தா பார்த்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார்.

மின்சாரக் கார் வந்தால் இந்தத் தலைவலி தீரும் என்று சிலர் நம்பினார்கள். மோட்டாரே திருப்பி பிரேக் பிடித்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பிவிடும். பேடுக்கு வேலையே இல்லை. 2021இல் 1,020 குதிரைத்திறனோடு டெஸ்லாவின் மாடல் எஸ் பிளெய்டு வந்தது. டிராக்குக்குக் கொண்டுபோனவர்கள் ஓடுகிற அளவுக்கு இது நிற்கவில்லையே என்று முணுமுணுத்தார்கள். அதே ஆண்டு டெஸ்லா ஒரு கார்பன் செராமிக் பிரேக் கிட்டை விலைப்பட்டியலில் சேர்த்தது. விலை 20,000 டாலர். பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் இந்த ஒரு விஷயத்தில் முழு ஒற்றுமை.

போர்ஷேயின் மின்சார வண்டியான டேகான் எதிர்த்திசையில் போய் மாட்டிக்கொண்டது. அன்றாட ஓட்டத்தில் பத்தில் ஒன்பது தடவை மோட்டாரே வண்டியை நிறுத்திவிடுவதால் பேடு தேய்வதே இல்லை. அதற்காக விட்டுவிட முடியுமா? ஆறு வருஷமானால் தேயாத பேடையும் மாற்றவேண்டும் என்று சர்வீஸ் அட்டவணை சொல்கிறது. உழைத்துத் தேய்ந்தாலும் காசு, உழைக்காமல் கிழடானாலும் காசு.

இத்தனைக்கும் நடுவில், எந்த வண்டியிலும் தவறாமல் மாற்றவேண்டிய ஒன்று பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது விதி. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. உள்ளே ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது; செராமிக், டைட்டானியம், மஞ்சள் பெயின்ட் எதுவும் அப்போது உதவாது. இருப்பதிலேயே மலிவான சமாசாரம் இது. மலிவு என்பதாலோ என்னவோ, பெருமை பேசுகிற யாரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

20,000 டாலர் இல்லாதவர்களையும் சந்தை கைவிட்டுவிடவில்லை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை மாதிரி கார் அலங்காரக் கடைகள் நிறைந்த தெருக்களில் சிவப்பு, மஞ்சள் காலிப்பர் உறைகள் கிடைக்கும், முழுக்கப் பிளாஸ்டிக். ஒட்டிவிட்டால் நாலடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு இத்தாலியச் சரக்கு மாதிரியே தெரியும். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள சின்னக் காருக்குக்கூடக் கேட்டால் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். பிளாஸ்டிக் சூட்டில் இளகும் என்பதால், காசை எண்ணி வாங்கிக்கொண்டு கடைக்காரர் தருகிற யோசனை, ஜிடி3காரர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிற அதே யோசனைதான்: “ரொம்ப பிரேக் புடிக்காதீங்க சார்.”