வியூஃபைண்டருக்குள் வெள்ளாமை

அப்பாவின் பழைய பெண்டாக்ஸ் கே1000 கிடைத்தது. கண்ணை வைத்தால் கரும்புள்ளிகளும் ஒரு முடியும் தெரிகின்றன. படத்திலும் விழுமா மாமா?
*– வாசகர், கும்பகோணம்*

விழாது. நீங்கள் பார்ப்பது, மிரரில் பட்டு மேலே ஏறி, ஃபோகஸிங் ஸ்கிரீனையும் பெண்டாப்ரிசத்தையும் தாண்டி வரும் வெளிச்சம். பட்டனை அழுத்தியதும் மிரர் மடங்கி வழிவிடும். ஃபிலிமுக்குப் போகிற வெளிச்சம் அந்த முடியின் முகத்திலேயே முழிப்பதில்லை. ஆனால் ஃபிலிமுக்கு முன்னால் இருக்கிற சட்டத்தில் ஒரு முடி மாட்டினால், 36 படத்திலும் அதுதான் கதாநாயகன். அது வியூஃபைண்டரில் தெரியவே தெரியாது. தெரிகிற குப்பை விழாது, விழுகிற குப்பை தெரியாது!

தூசியா, பூசணமா? எப்படிக் கண்டுபிடிப்பது?
*– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி*

லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாய்ப்பக்கம் தரையைப் பார்க்கப் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் இரண்டு அமுக்கு அமுக்குங்கள். இடம் மாறினால் தூசி. மாறாமல் வேர்விட்டுக் கிளை பிரிந்திருந்தால் பூசணம். கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டினால் இரண்டும் இல்லை; மிரர் மோதும் இடத்தில் வைத்த ஃபோம் மக்கி உதிர்கிறது. 1970களின் கேமராக்களுக்கெல்லாம் இந்த வயோதிக வியாதி உண்டு. ஒலிம்பஸ் ஓஎம்-1 வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் மரியாதை: அங்கே ஃபோம் ப்ரிசத்தின் வெள்ளிப் பூச்சையே அரித்துவிடும்.

ப்ளோயர் எதற்கு? வாயால் ஊதினால் ஆகாதா?
*– பாபநாசம்*

கொழுந்து வெற்றிலை போட்ட வாயா, போடாத வாயா? எந்த வாயானாலும் காற்றோடு எச்சிலும் போகும். பூசணத்துக்கு அதுதான் முறைப்பாசனம்.

கேமராவை அரிசிப் பானையில் புதைத்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்கிறானே பேரன்?
*– ஒரத்தநாடு*

பேரனைக் கொள்முதல் நிலையத்துக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியது என்று நெல்லையே ஓரங்கட்டுகிறார்கள். அந்த நெல்லின் வயிற்றில் பிறந்ததா உங்கள் கேமராவை உலர்த்தப்போகிறது? போதாக்குறைக்கு மாவுத்தூள் உள்ளே போகும். பூசணத்துக்கு மாவென்றால் விருந்து. வண்டு வந்தால் அது தனிக் கச்சேரி.

மதுரைச் சித்தப்பாவின் கேமரா பளிச்சென்று இருக்கிறது. எங்கள் வீட்டில் மட்டும் ஏன் இப்படி?
*– வாசகி, திருவையாறு*

உங்கள் ஊரில் ஐந்தாறு இருக்கிறதே, காரணம் வேறு வேண்டுமா! காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டிச் சில நாள் நின்றால் வித்து முளைக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் அது தாண்டாத நாள் எது? அதோடு இருட்டு, அசையாத காற்று, நம் கைரேகையின் எண்ணெய்ப் பசை. ஆக மொத்தம், உங்கள் பீரோ.

பெரிய குற்றவாளி தோல் உறைதான். ஈரத்தைக் குடித்துக்கொண்டு கேமராவைக் கட்டிப்பிடித்தபடி கிடக்கும். முதலில் உறையைத் தூக்கி எறியுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஓரத்தில் சின்ன ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் நடுவே நின்றால் போதும். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தாலும் திறக்காவிட்டாலும், பீரோவுக்குள் முப்போகம் விளையாது.

நீல சிலிகா ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டது. வெட்கமா?
*– கல்லூரி மாணவர், வல்லம்*

வயிறு நிரம்பிவிட்டது. இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த நிறம் கோபால்ட் உப்பின் கைவரிசை. எனவே அம்மா ரசம் வைக்கிற பாத்திரத்தில் கை வைக்காதீர்கள்.

சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிக்கு வசம்பு, கிராம்பு, மிளகெல்லாம் பொடித்து முடிச்சுக் கட்டி வைப்பார்களாமே! கேமரா பைக்கும் வைக்கலாமா?
*– மேலவீதி, தஞ்சாவூர்*

அது சுவடியைத் தின்னவரும் பூச்சிக்கு. உங்களுடையது பூச்சியல்ல, பூஞ்சை. தவிர, வாசனைச் சரக்கின் எண்ணெய் ஆவி ஓலைக்கு மருந்து, கண்ணாடிக்கு அழுக்கு. அந்துருண்டைக்கும் இதே தீர்ப்பு. சரபோஜி மன்னர் சுவடி சேர்த்தார்; நிக்கான் சேர்க்கவில்லை.

சித்திரை வெயிலில் காயவைத்தால் பூசணம் செத்துவிடாதா?
*– பட்டுக்கோட்டை*

மேலோட்டமாக இருப்பது அடங்கலாம். அது கக்கிய அமிலம் கண்ணாடியிலும் பூச்சிலும் போட்ட தழும்பு போகாது. கேமராவுக்குள் இருக்கிற மசகெண்ணெய் மட்டும் இளகி, போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போகும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவாக இருந்து லென்ஸ் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தால் துணி ஷட்டரில் ஓட்டையே விழும். மாடியில் வடகம் பிழியுங்கள், அது காயும்.

ஃபோகஸிங் ஸ்கிரீனை நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைக்கலாம் என்று தோழி சொன்னாள்...
*– வாசகி, திருவாரூர்*

அந்தத் தோழிக்கு உங்கள் கேமராமேல் என்ன கோபம்? ஸ்கிரீன் பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் உருகிப் பால்போல் வெளுக்கும். வெறும் துணியே கீறல் போடும். மிரருக்கோ பூச்சு முதுகில் இல்லை, முகத்திலேயே இருக்கிறது. தேய்த்தால் உரியும். ஐஸோப்ரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு, அதுவும் நீங்கள் கண் வைக்கிற கண்ணாடியின் வெளிப்பக்கத்துக்கு மட்டும். நிக்கான் எஃப்எம்2 மாதிரி ஸ்கிரீனை இடுக்கியால் கழற்றும் கேமரா என்றால் புதிதாக மாற்றிவிடலாம். ப்ரிசத்துக்குள் பூசணம் என்றால் மெக்கானிக். பூசணம் கொன்ற கேமராவைவிட சுத்தம் செய்து கொன்ற கேமராதான் நாட்டில் அதிகம் என்பது என் கட்சி.

பூசணம் பிடித்த கேமராவோடு நல்ல கேமராவை வைத்தால் தொற்றுமா?
*– நாகப்பட்டினம்*

வித்து உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஈரம்தான் சம்பந்தி.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் இதே ஊரில் படமெடுத்தார்களே, அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லையா?
*– சுற்றுலா வழிகாட்டி, தஞ்சாவூர்*

1858இல் இங்கே பெட்டியோடு வந்தவர் லின்னேயஸ் ட்ரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி 19 அடிக்குமேல் நீளும் ஒரே படமாக்கினார். மலைக்க வேண்டிய வேலை! அவருக்கு வியூஃபைண்டர் கிடையாது. பெட்டியின் முதுகில் தேய்த்த கண்ணாடி, தலைக்கு மேல் கறுப்புத் துணி. தூசி விழுந்தால் துடைத்துப் போட்டுவிடலாம். என்ன, உருவம் தலைகீழாகத்தான் தெரியும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று நாம் கதைவிட, அவருக்குக் கலசமே தரையில் கிடந்தது.

பழைய கேமரா வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க?
*– மயிலாடுதுறை*

லென்ஸுக்குள் செல்போன் டார்ச் அடியுங்கள். வியூஃபைண்டரை வெளிறிய வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். பிறகு மோந்து பாருங்கள். பூட்டிய பரண் வாசம் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வெறும் தூசி என்றால் முகத்தைச் சுளித்து விலையைக் குறைத்துக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தூசியை மறந்துவிடுங்கள்.

வியூஃபைண்டருக்குள் எறும்பு உயிரோடு நடக்கிறது மாமா! அவசரம்!!
*– நீடாமங்கலம்*

தட்டாதீர்கள், குத்தாதீர்கள். வெளிச்சத்தில் வைத்துவிட்டு நகருங்கள். வழி தெரிந்து வந்தது, வழி தெரிந்து போகும். பதறி நசுக்கினால் உள்ளேயே பட்டா போட்டுவிடும்.