செத்தவன் மல்லாந்துதான் கிடப்பான்

சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடத் தூங்குவதுபோல் கிடப்பேன். அம்மா பாயோரம் நின்று யாரிடமோ சொல்வதுபோல், "நெஜமாத் தூங்குற புள்ளைக்குக் கால் கட்டைவிரல் ஆடுமே" என்பாள். உடனே ஆட்டுவேன். முதுகில் ஒன்று விழும். இப்படி ஏமாறுகிற ஜென்மம் நான் ஒருவன்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன், நார்த் கரோலினாவில் அந்தப் பாம்பைப் பார்க்கும் வரை.

மணலும் பைன் மரமுமான காட்டுப் பாதை. காலடியில் கிடந்த தடித்த பாம்பு ஒன்று நாகம்போலக் கழுத்தை விரித்து, லாரி டயரில் காற்றுப் பிடுங்கிய மாதிரி சீறியது. எனக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. கூட வந்த உள்ளூர் நண்பரோ சிரித்தார். "கிழக்கு ஹாக்னோஸ். மூக்கைப் பார், பன்றி மாதிரி மேலே தூக்கியிருக்கும். மண்ணைக் கிளறித் தேரை பிடிக்கத்தான் அது." அந்த மூக்காலேயே, வாயைத் திறக்காமல், என் ஷூவை நோக்கி நாலு பொய்க்கொத்து கொத்தியது. பின்பற்களில் தேரைக்கான லேசான விஷம் உண்டாம். அதை என்மேல் செலவழிக்க மனமில்லை போலும்.

நாங்கள் ஓடவில்லை. உடனே இரண்டாம் காட்சி. வலிப்பு வந்ததுபோல் முறுக்கிப் புரண்டு, மல்லாந்து, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டு, பிண வாடைக்குப் பஞ்சம் வேண்டாம் என்று ஒரு நாற்றத்தையும் விட்டுச் செத்துப்போனது. நண்பர் குச்சியால் மெதுவாகக் குப்புறப் போட்டார். பிணம் சட்டென்று மல்லாந்துகொண்டது. மறுபடி போட்டார். மறுபடி மல்லாந்தது. செத்தவன் மல்லாந்துதான் கிடப்பான் என்று அதன் அம்மா சொல்லியிருக்க வேண்டும். ஷூவுக்குள் என் கட்டைவிரல் ஆடியது.

முட்டையிலிருந்து வந்த குட்டிகளே இப்படிச் சாகும். பர்கார்ட், கிரீன் என்ற இரு ஆய்வாளர்கள் 1988-இல் எழுதினார்கள்: ஆள் உற்றுப் பார்த்தால் குட்டி உயிர்த்தெழ நேரமாகும், பார்வையைத் திருப்பிக்கொண்டால் சீக்கிரம் எழுந்துவிடும். செத்தபடியே நம்மை வேவு பார்க்கிறது!

இந்தக் கதையை வீட்டில் சொன்னது என் தப்பு. மகள் பிடிவாதம் பிடித்து ஒன்று வாங்கினாள். நெப்ராஸ்கா, கான்சாஸ் புல்வெளிகளின் மேற்கு ஹாக்னோஸ்; ஆனால் கூண்டிலேயே பொரித்தது. ஆண், முழ நீளம். கண்ணாடிப் பெட்டி, மரச்சீவல் மெத்தை, ஒரு பக்கம் வெந்நீர் ஒத்தடம் மாதிரி சூடு. மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்ததில்லை.

விருந்தாளிகள் வந்தால் எடுத்துக் காட்டுவோம். சாகாது. என் கைமேல் ஊர்ந்து சட்டைக் கைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பயமே இல்லாதவன் எதற்கு நடிப்பான்? கொடுத்த பில்டப்புக்கு நான்தான் செத்தேன்.

அதற்குப் பதில் உண்ணாவிரதம் பிடித்துக்கொண்டது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்களுக்கு இது வழக்கமாம். ஃப்ரீசரில் தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில் எலிப் பொட்டலம் இருப்பதை மனைவி அந்த வாரம்தான் கண்டுபிடித்தாள். ஆறு வாரம் பேசாமல் இருந்தவள், எலிமேல் டூனா டப்பாத் தண்ணீரைத் தடவினால் சாப்பிடுமாம் என்றதும் வாய் திறந்தாள்: "எனக்கு ஒரு நாளாவது இப்படி மீன் வாங்கிக் கொடுத்ததுண்டா?"

டூனா மணக்க எலியை வைத்துவிட்டு, யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்று விளக்கணைத்துப் படுத்தோம். விடிந்ததும் மகள் கத்தினாள். "அப்பா, மல்லாந்து கிடக்கு!"

ஆகா என்று ஓடினேன். எலி.